ஓரிக்கையிலிருந்து நேசமணி வரை

காஞ்சிபுரம் – உத்திரமேரூர் சாலையில் இருக்கிறது ஓரிக்கை. மகா பெரியவர் மணிமண்டபத்துக்காக வருகிறவர்களே இன்று அதிகம். ஆனால் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது வேறொரு கதை.

பல்லவ மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணனை நாட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அவருடைய குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்புகிறார். போகும்போது சும்மா போகவில்லை. காஞ்சியின் திருவெஃகா கோயில் பெருமாளிடம், உனக்கும் இங்கே வேலையில்லை, பாம்புப் படுக்கையை மடித்துக்கொண்டு கிளம்பு என்று ஒரு வெண்பா பாடுகிறார். பெருமாளும் வந்துவிடுகிறார். அவர்கள் ஓர் இரவு இருந்த இடம் ஓரிக்கை என்பது ஐதிகம். காஞ்சி இருண்டுபோக, மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறான்.

இதன்பின் ஆழ்வார் பாடும் இரண்டாம் வெண்பாவைத்தான் கவனிக்க வேண்டும். அது முதல் பாட்டேதான், சில சொற்கள் மட்டும் தலைகீழ். சீடன் போவது நின்றது, மடித்த படுக்கை விரிகிறது. முதல் பாட்டு காதில் இருப்பவருக்குத்தான் இரண்டாவதின் குறும்பு பிடிபடும். இரண்டுமே நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தில் சேராத தனிப்பாடல்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இந்தக் கதையை இன்னும் சுருக்கினார். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தில், தமிழுக்குப் பின்னால் நடந்த மேகம் என்று திருமாலை விளித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். காஞ்சி இல்லை, ஆழ்வார் பெயர் இல்லை. மதுரை அம்மனைப் பாட வந்த சைவர், வைணவக் கதையைக் கேட்பவர் நினைவில் விட்டுவிட்டார். வழிநூல் செய்பவர் முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் பொன்போல் போற்றலாம் என்று நன்னூல் பாயிரமே இடம் தருகிறதே!

எடுத்ததன் நிறம் மாறுவதும் உண்டு. 'இருவர்' (1997) படத்துக்கு வைரமுத்து எழுதிய காதல் பாட்டில் புறநானூற்று 112ஆம் பாடலின் நிலா வருகிறது. மூலத்தில் அது தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் ஒப்பாரி. படம் பார்த்துவிட்டுப் புறநானூற்றுக்கு வருகிறவருக்கு அந்த அழுகையிலும் ரஹ்மான் மெட்டுதான் கேட்கும். இதை நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு முதலில் அவரை அங்கே கொண்டுவந்து விட்டதே.

இரவல் வாங்கப் பழம்பாட்டுதான் வேண்டும் என்றில்லை. 2019 மே மாதம் ஒரு சுத்தியல் படத்துக்குக் கீழே யாரோ, வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) காட்சியை நினைவுபடுத்த, அதில் அவர் நடித்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக ட்விட்டரே பிரார்த்தித்தது. விபத்துச் செய்தியின் தொனி, ஆஸ்பத்திரி அறிக்கையின் மொழி, எல்லாம் இரவல். படம் பார்க்காத வடநாட்டுக்காரர்கள் நேசமணி யார் என்று நிஜமாகவே விசாரித்தார்கள். அந்தப் படமும் அதன் இயக்குநர் சித்திக்கே 1999இல் எடுத்த மலையாளப் படத்தின் தமிழ் வடிவம்தான்.