உங்களுக்குத் தெரியுமா? சட்டசபைத் தீர்மானமும் அரிசிக் கப்பலும்

வெளியுறவு டெல்லியின் அதிகாரம். ஆகவே தமிழ்நாடு சட்டசபை இலங்கை பற்றி நிறைவேற்றும் தீர்மானம் எதற்கும் சட்ட வலு கிடையாது. ஆனாலும் 2013 அக்டோபரில், கொழும்பில் நடக்கும் பொதுநலவாய மாநாட்டை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்று சென்னை தீர்மானித்தபோது, பிரதமர் மன்மோகன் சிங் கடைசியில் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். முழுப் புறக்கணிப்பும் இல்லை, முழு மரியாதையும் இல்லை. தேர்தல் நெருங்கும் காலத்தில் டெல்லி இப்படித்தான் நடுவழி தேடும்.

2022 ஏப்ரல் 29இல் வந்த தீர்மானம் வேறு ரகம். இலங்கைக்கு 40,000 தொன் அரிசி, பால்மா, மருந்து அனுப்ப மத்திய அரசு அனுமதிக்க வேண்டும் என்று கேட்டது. இம்முறை டெல்லி சம்மதித்தது. மே 18இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் 9,000 தொன் அரிசியோடு புறப்பட்டது. கொழும்பில் கையளித்தவர் இந்திய உயர்ஸ்தானிகர். அரிசி தமிழ்நாட்டினுடையது, கைகுலுக்கல் டெல்லியுடையது.

 

வந்த உதவியில் கிழக்கு மாகாணத்துக்கும் பங்கிருந்தது. அம்மாகாணத்தின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை, வயல் நிலம். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையால் நாடெங்கும் பெரும்போக விளைச்சல் விழுந்தபின், நெல் விளையும் கிழக்கிற்கே கடல் தாண்டி அரிசி வரவேண்டியதாயிற்று.