குதிகாலில் முள் இல்லை

கொஸ்லந்தை மீரியபெத்த என்றதும் வெளியூர்க்காரருக்கு 2014 அக்டோபர் 29 மண்சரிவுதான் நினைவுக்கு வரும். அன்று மண்ணுக்குள் போன லய வீடுகளுக்குப் பதிலாக மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. கொஸ்லந்தைப் பக்கத்துப் பெண்கள் இன்றும் விடிந்ததும் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, அங்கிருந்து தேயிலை மலை ஏறுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுடைய குதிகாலைப் பற்றியது.

"காலையில எந்திரிச்சுக் காலை ஊன முடியல. நாலு எட்டு நடந்தா சரியாப் போகுது. மத்தியானம் சோத்துக்கு உக்காந்து எழும்பினா மறுபடியும் புடிக்குது." தோட்டத்து டிஸ்பென்சரியில் இப்படிச் சொல்லும் பெண், பாதி நோயை அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். எலும்புதான் வலிக்கிறது என்று அவர் நினைப்பார். பெரும்பாலும் வலிப்பது எலும்பு அல்ல.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். பெரியது குதி எலும்பு. அதன் அடியிலிருந்து கிளம்பி விரல்களின் வேர்வரை ஒரு தடித்த நார்ப்பட்டை விரிந்து போகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்த நாண் இறுகி வளைவு உயரும். 1954இல் ஹிக்ஸ் என்பவர் இதைத் உருளையில் கயிறு சுற்றுவதற்கு ஒப்பிட்டு விளக்கினார்.

இனி மலையைப் பாருங்கள். ஏற்றத்தில் ஒவ்வோர் எட்டிலும் விரல் மடங்குகிறது, கெண்டைக்கால் இறுகுகிறது. செடியின் நடுக் கொழுந்தைக் கிள்ள நுனிக்காலில் எம்ப வேண்டும். முதுகில் மழை நனைத்த கொழுந்து. ஒரு நாள் பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வேறு. காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, அதுவும் இல்லாமல் சிலர். நார் எலும்போடு ஒட்டும் இடம் நாளுக்கு நாள் நைந்து போகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடக்கும் நாரைக் காலையின் முதல் எட்டு திடீரென இழுப்பதால்தான் அந்த வலி.

எக்ஸ்ரே எடுத்தால் குதியில் கூர்மையாக ஒரு நீட்டல் தெரியலாம். "முள் வளர்ந்திருக்கு" என்ற ஒரு சொல் போதும், அன்றிலிருந்து அந்தப் பெண் தரையில் கால் வைக்கவே பயப்படுவார். அந்த நீட்டல் வலியே இல்லாத பலருக்கும் உண்டு. அதைத்தான் வலிக்குக் காரணம் என்று கைகாட்டுவது, என் பார்வையில், நோயை விடக் கூடுதலாகக் கெடுதல் செய்கிறது.

ஆனால் எலும்பிலேயே கீறல் விழும் நேரமும் உண்டு. 1855இல் பிரெய்ட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நீண்ட நடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே வந்த பின், 1897இல்தான், விரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளில் மயிரிழைக் கீறல் தெரிந்தது. வேலையின் பாரம் ஒரேயடியாகக் கூடினால் இது யாருக்கும் வரலாம். பேர் பதிந்து புதிதாக மலைக்கு வந்த பிள்ளைக்கும், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த அம்மாவுக்கும்.

வேறுபாட்டை வலியே சொல்லும். நாரின் வலி முதல் எட்டில் கடுமை, நடக்க நடக்கக் குறையும். கீறல் நேர்மாறு: நடக்க நடக்கக் கூடும், ஓய்ந்தால் தணியும், முற்றினால் இரவிலும் குத்தும். குதியின் உட்பக்க முன்விளிம்பை விரலால் அழுத்தினால் நோகிறதா, அது நார். இரண்டு உள்ளங்கையாலும் குதியைப் பக்கவாட்டில் அமுக்கும்போது நோகிறதா, குதி எலும்பிலேயே கீறலோ என்று சந்தேகிக்க வேண்டும்.

நாருக்கு மருந்து பெரும்பாலும் பயிற்சிதான். படுக்கையை விட்டு இறங்குமுன் காலை மடித்து, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 விநாடி பிடியுங்கள். 10 தடவை. நாளுக்கு மூன்று முறை. கொஞ்சம் தேறியதும், இஸ்தோப்புப் படியில் விரலடியில் சுருட்டிய துணி வைத்து, குதியை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். இதை ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் போதும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தீரும். மாதக் கணக்கில் பொறுக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குதியில் போடும் ஊசி சில வாரம் சுகம் தரும், திரும்பத் திரும்பப் போட்டால் நாரே அறுந்துபோகக்கூடும். கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுக்கிறவர்கள், சீனி வருத்தம் இருந்தால் அதைச் செய்யவே வேண்டாம். மரத்த பாதம் வெந்தாலும் தெரியாது.

கீறலுக்கு ஒரே வைத்தியம் பாரத்தை இறக்குவது, ஆறு முதல் எட்டு வாரம். நாட்சம்பளக்காரிக்கு ஓய்வு எழுதித் தருவது எளிது, எடுப்பது எளிதல்ல. அதனால் டொக்டரிடம் துண்டு கேளுங்கள், அந்த வாரங்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையாவது தரச் சொல்லி.

இன்னொன்று. புதுக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்று அனுப்பினாலும் வலி நிற்கவில்லையென்றால், மூன்று வாரம் கழித்து மறுபடம் கேட்டு வாங்குங்கள் அக்கா.