ஆர்.வி. மின்னாக்கியில் மின்கோளாறு கண்டறிதல்

ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவற்றைக் கொண்ட நெடும்பயண ஊர்தி ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது. மின்வசதியுள்ள முகாம்களில் இது கம்பிவடம் மூலம் வெளி மின்சாரத்துடன் இணைக்கப்படும். அவ்வசதி இல்லாத இடங்களில், ஊர்தியிலேயே பொருத்தப்பட்ட மின்னாக்கி, அதாவது ஜெனரேட்டர், மின்சாரம் தருகிறது. பெட்ரோல், டீசல் அல்லது எல்.பி. வாயுவால் இயங்கும் இவை பொதுவாக 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை வழங்குகின்றன.

மின்னாக்கி ஓடியும் உள்ளே மின்சாரம் வராமலிருப்பது அடிக்கடி நேரும் சிக்கலாகும். அப்போது பழுது மின்னாக்கியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின்சாரம் செல்லும் வழியை வரிசையாகச் சோதித்தால், நல்ல பாகங்களை வீணாக மாற்ற நேராது.

இருவகை மின்சுற்றுகள்

ஆர்.வி.யில் இரண்டு மின்சுற்றுகள் உள்ளன. விளக்குகள், தண்ணீர்ப் பம்பு போன்றவை பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன. குளிரூட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, சுவர் பிளக்குகள் ஆகியவற்றுக்கு 120 வோல்ட் தேவை. ஆகவே விளக்கு எரிவதை மட்டும் வைத்து மின்னாக்கி மின்சாரம் தருகிறது எனக் கொள்ள முடியாது.

முன்னெச்சரிக்கை

120 வோல்ட் மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. கம்பிகளைத் தொடும் முன் மின்னாக்கியை நிறுத்தி, வெளி மின்சார வடத்தைக் கழற்றி, துவக்கப் பேட்டரியின் எதிர்முனையையும் பிரிக்க வேண்டும். சில ஊர்திகளில் மின்னாக்கி தானாகவே துவங்கும் அமைப்பு இருப்பதால் இது இன்றியமையாதது. ஓடும் மின்னாக்கியில் அளவீடு செய்வது பயிற்சி பெற்றவருக்கே உரியது.

மின்னாக்கியின் புகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளது. மூடிய கொட்டகையில் மின்னாக்கியை ஓட்டக்கூடாது. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் வெளியேறி, மருத்துவ உதவி பெற வேண்டும்.

மின்னாக்கி துவங்காவிட்டால்

துவக்கு மோட்டார் சுழலவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். முழுதும் மின்னேற்றப்பட்ட ஈய-அமில பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அளவு சரியாக இருந்தும் மோட்டார் சுழலாவிட்டால் பேட்டரி முனைகளில் படிந்த உப்பு, தளர்ந்த எர்த் கம்பி, எரிந்துபோன ஃபியூஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தும்வரை ஓடி, விட்டதும் நின்றுவிடுவது வேறொரு அறிகுறி. எண்ணெய் குறைவு ஒரு காரணம். பல மாதிரிகளில், மின்னாக்கி மின்சாரம் உண்டாக்கவில்லை என்பதை உணரும் கட்டுப்பாட்டுப் பலகையும் இவ்வாறு நிறுத்திவிடும்.

ஓடியும் மின்சாரம் வராவிட்டால்

கீழ்க்காணும் வரிசையில் சோதிப்பது எளிது.

1. மின்னாக்கியிலேயே உள்ள பிரேக்கர். உட்புறப் பிரேக்கர்கள் சரியாக இருந்தாலும் இது விழுந்திருக்கலாம். மின்னாக்கியில் இரண்டு பிரேக்கர்கள் இருந்து ஒன்று மட்டும் விழுந்தால், ஊர்தியின் ஒரு பகுதிக்கு மட்டும் மின்சாரம் வராது.

2. டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். வெளி மின்சாரம், மின்னாக்கி ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் கருவி இது. மின்னாக்கி சீராக ஓடத் தொடங்கும்வரை, பெரும்பாலும் அரை நிமிட அளவுக்கு, இது காத்திருக்கும், இத்தாமதம் பழுதன்று. கருகிய தொடுமுனை, தளர்ந்த திருகு ஆகியவை பழுதின் அடையாளங்கள். சில ஊர்திகளில் இக்கருவி இருக்காது. வெளி மின்சார வடத்தை மின்னாக்கிக்குரிய பிளக்கில் செருகினால்தான் மின்சாரம் வரும்.

3. மின்கசிவுக் காப்பு பிளக். குளியலறையிலுள்ள ஒன்று விழுந்தால் அதன் வழியே இணைந்த சமையலறை, வெளிப்புற பிளக்குகளும் செயலிழக்கலாம். மீட்புப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்; மீண்டும் விழுந்தால் கசிவைத் தேட வேண்டும்.

4. மின்னாக்கியின் வெளியீடு. வெளியீட்டு முனையில் 120 வோல்ட்டை ஒட்டிய அளவு இருந்தால் பழுது அதற்கு அப்பால் உள்ளது. சில வோல்ட் மட்டுமே இருந்தால் காந்தப்புலம் உருவாகவில்லை எனலாம். தேய்ந்த கார்பன் பிரஷ், அழுக்கேறிய நழுவு வளையம், பழுதான மின்னழுத்தச் சீராக்கி, நெடுநாள் ஓடாததால் எஞ்சிய காந்தத்தன்மை குன்றுதல் ஆகியவை இதற்கான காரணங்கள்.

இன்வெர்ட்டர் அல்லாத மின்னாக்கியில் அதிர்வெண்ணையும் அளப்பது பயன்தரும். அங்கு அதிர்வெண் எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது: இருமுனை மின்னாக்கி நிமிடத்துக்கு 3,600 சுற்றும், நான்குமுனை மின்னாக்கி 1,800 சுற்றும் சுழன்றால் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதிர்வெண்ணும் சேர்ந்து குறைந்தால் எரிபொருள் அல்லது வேகக் கட்டுப்பாட்டில் பழுது. அதிர்வெண் சரியாக இருந்து மின்னழுத்தம் மட்டும் குறைந்தால் மின்பகுதியில் பழுது.

சுமை ஏற்றியதும் பிரேக்கர் விழுந்தால்

4 கிலோவாட் மின்னாக்கி 120 வோல்ட்டில் ஏறத்தாழ 33 ஆம்பியர் தரும். கூரைக் குளிரூட்டி துவங்கும் கணத்தில், வழக்கமாக ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அப்போது மைக்ரோவேவும் ஓடினால் பிரேக்கர் விழக்கூடும். உயரமான இடங்களில் காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் திறன் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறைகிறது. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில், 4 கிலோவாட் மின்னாக்கியிடம் 3.3 கிலோவாட் அளவையே எதிர்பார்க்கலாம். சுமையைக் குறைத்தும் பிரேக்கர் விழுந்தால் குறுக்குச் சுற்று இருக்கலாம். அதற்குப் பதிலாகப் பெரிய பிரேக்கரைப் பொருத்தினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும்.

பராமரிப்பு

பயன்படுத்தாமல் வைத்திருப்பதே மின்னாக்கியைப் பெரிதும் கெடுக்கிறது. எரிபொருள் பிசுபிசுத்துக் கார்ப்பரேட்டரை அடைக்கும். சுருள்களில் ஈரம் படியும். மாதம் ஒருமுறை, பாதிச் சுமையுடன், இரண்டு மணி நேரம் ஓட்டுமாறு பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓட்டினால், ஈரத்தைப் போக்கும் அளவுக்கு மின்னாக்கி சூடேறாது.