தொட்டிக்குள் ஒரு வயல்

மொட்டை மாடியில் நாலு தொட்டிகளை வைத்துக் கத்தரியும் தக்காளியும் பயிரிடும் வழக்கம் நகரவாசிகளிடையே பரவிவருகிறது. மிகவும் நல்ல வழக்கம்தான். ஆனால் முதற் போகத்தில் செழித்த தொட்டி அடுத்த போகத்தில் சோர்ந்துவிடுகிறது. உடனே பழைய மண்ணைக் குப்பையில் கொட்டிவிட்டுச் செம்மண் மூட்டை ஒன்று விலைக்கு வாங்கிவிடுகிறோம். அந்த மூட்டை வானத்திலிருந்து விழுந்ததன்று. எங்கோ ஒரு நிலத்திலிருந்து வெட்டி எடுத்ததே ஆகும். ஓர் அங்குல மேல்மண்ணை உண்டாக்க இயற்கைக்கு நூற்றுக்கணக்கான வருஷங்கள் பிடிக்கின்றன. அதை மூன்று மாதத்தில் எறிந்துவிடுவது நியாயமா?

மண் வெறுந் தூளன்று. ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மக்கிய பொருள்களைச் செடி உட்கொள்ளத்தக்க உப்புக்களாக மாற்றித் தருபவை அவையே. மண்புழுவின் தொண்டைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1881-ஆம் வருஷத்தில் ஒரு தனி நூலே எழுதினார். சிலவகைப் பூஞ்சணங்கள் வேரோடு கூட்டுக் குடித்தனம் நடத்துவதை 1885-இல் ஜெர்மானிய அறிஞர் பிராங்க் விளக்கினார். அவை செடிக்கு நீரும் உப்பும் கொணர்ந்து கொடுத்து, கைம்மாறாகச் சர்க்கரையைப் பெறுகின்றன. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டோ, இந்நாட்டுக் குடியானவர்களையே தம் ஆசிரியர்களாகக் கருதினார். சருகையும் சாணத்தையும் அடுக்கிப் புரட்டி எருவாக்கும் 'இந்தூர் முறை' அங்கே உருவாயிற்று.

இனிச் செய்முறைக்கு வருவோம். செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு வேண்டும். நார்க் கழிவில் உப்பு இருப்பதுண்டு. இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்க. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து, ஈரமாக்கி, நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு நடுக. மக்காத சருகை மண்ணோடு கலக்கலாகாது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளித்துப் போகும்.

அடியில் சரளை பரப்பினால் நீர் வடியும் என்பது பலருடைய நம்பிக்கை. உண்மை வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே தேங்கி வேரை அழுக்கிவிடும். துவாரத்தின்மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். சருகின் இடம் மண்ணின் மேற்பரப்பே. இரண்டங்குலம் பரப்பினால் வெயிலின் கொடுமை குறையும், ஈரம் நிலைக்கும், நுண்ணுயிர்களுக்கு ஆகாரமும் ஆகும்.

போகம் முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்துவிடுக. வேர் உள்ளேயே மக்கிக் காற்றும் நீரும் செல்ல வழி திறக்கும். வாடல் நோய் கண்ட செடியை மட்டும் வேரோடு அகற்றவேண்டும். பின்னர் மேலே இரண்டு அங்குலம் எருவிட்டுக் காராமணி விதைக்கலாம். அதன் வேர் முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் சேர்க்கின்றன. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை அடுத்து மற்றொன்றை அதே தொட்டியில் வைத்தால் நோயும் தொடர்ந்து வரும்.

இவ்விதம் பேணிய மண் வருஷத்துக்கு வருஷம் வளம் பெறுமேயன்றிக் குறையாது. அடுப்பங்கரைக் காய்த்தோலும் முற்றத்துச் சருகும் அதற்கு முதலாகும். வீட்டுக்கு வீடு இதைச் செய்தால், எங்கோ ஒரு குடியானவனின் நிலம் மேல்மண்ணை இழக்காமல் பிழைக்கும்.