மீட்க யார் வருவார்கள்? கைட் சர்ஃபிங் கற்கப் போகிறவர்களுக்கு

ஆடி மாதத்தில் தனுஷ்கோடிச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா கரையை அறைந்துகொண்டிருக்கும். வடக்கே பாக் விரிகுடா குளம்போல் கிடக்கும். ஆண் கடல், பெண் கடல் என்று அங்குள்ளவர்கள் பிரித்துச் சொல்வார்கள். பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்குகிற கைட் சர்ஃபிங்கைக் கற்க வருகிற வெளியூர்க்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு, புதிதாகப் பழகுவதற்கு வடக்குப் பக்கம்தான் பத்திரம் என்று முடிவு செய்துவிடுவார். அந்த முடிவு உயிரை வாங்கக்கூடியது.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தனுஷ்கோடி இருக்கும் தீவைக் கடந்து வடகரையில் இறங்கும்போது, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரம் அலை எழாததற்குக் காரணமே அதுதான். பட்டத்தோடு விழுந்தவரை அந்தக் காற்று கரைக்குத் திருப்பாது, நடுக்கடலுக்குத்தான் கொண்டுபோகும். அந்தத் திசையில் 1974 ஒப்பந்தம் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லையும் இருக்கிறது. வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழாகும்: வடகரை கொந்தளிக்கும், தென்கரை அமைதி காட்டி ஏமாற்றும்.

அமைதியான நீரில் பாடம் நடத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நிலைதடுமாறி விழுந்து எழுந்து பழக அலையில்லாத நீர்தான் வசதி. ஆனால் காற்று கடலை நோக்கி அடிக்கும் இடத்தில் மீட்புப் படகு இல்லாமல் ஒருவரைத் தண்ணீரில் இறக்குவது வெறும் அலட்சியம் அல்ல, குற்றம். எனவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இது: காற்று என்னை அடித்துக்கொண்டு போனால் மீட்க யார் வருவார்கள், எதில் வருவார்கள்? படகைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினில் எண்ணெய் இருக்கிறதா, ஓட்டுகிறவர் கரையில் நிற்கிறாரா என்று பாருங்கள். "பக்கத்தில் மீன்பிடி வள்ளங்கள் இருக்கும், பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தால் அங்கே கற்க வேண்டாம். மீனவர்கள் எத்தனையோ பேரைக் கரைசேர்த்தவர்கள். அதற்காக அவர்களுடைய நல்ல மனதை ஒரு பயிற்சிப் பள்ளியின் பாதுகாப்பு ஏற்பாடாகக் கணக்கில் எழுதக் கூடாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 22 கிலோமீட்டர் காற்றில் இதமாக இழுத்த அதே பட்டம், 44 கிலோமீட்டர் காற்றில் ஆளைத் தூக்கி எறியும். கயிறுகளே இருபது மீட்டருக்கு மேல் நீளம். அதனால் கடலைப் போலவே கரையும் ஆபத்தானது. பட்டத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும், காற்று போகும் பக்கத்தில் பாறை, படகு, மின்கம்பம், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று எதுவும் இருக்கக் கூடாது. இடி மின்னல் தெரிந்தால் அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

பயத்தில் மனிதக் கை செய்வது ஒன்றுதான்: பிடித்ததை இறுக்கித் தன் பக்கம் இழுக்கும். கைட் சர்ஃபிங்கில் கை பிடித்திருப்பது பட்டத்தின் பிடிக்கம்பி. அதை இழுக்க இழுக்கப் பட்டத்தின் வலு கூடும். கையை விட்டால்தான் குறையும். விட்டும் அடங்காவிட்டால் இடுப்புக்கு முன்னால் இருக்கும் அவசர விடுவிப்பைத் தள்ள வேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி வலுவிழந்து விழும். அதுவும் போதாவிட்டால் கடைசிக் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். இந்த மூன்று படிகளையும் உடம்பு தானாகச் செய்யும்வரை மணலில் நின்று பழக்கித் தராத பயிற்றுநர், எத்தனை சாகசம் காட்டினாலும் பயிற்றுநர் அல்ல. உங்களுக்குத் தருகிற விடுவிப்பை நீங்களே இரண்டு மூன்று முறை தள்ளிப் பாருங்கள். உப்பும் மணலும் ஏறி இறுகிப்போயிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்த விடுவிப்புக்கென்று 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரமே வந்துவிட்டது. தலைக்கவசம் கட்டாயம். அடி தாங்குவதற்காகப் போடும் மேல்சட்டையை உயிர்காப்பு அங்கி என்று நம்ப வேண்டாம், இரண்டும் வேறு.

பயிற்றுநரின் சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஐகேஓ என்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழைப் பலர் வைத்திருப்பார்கள். அது நடப்பில் உள்ளதா, பள்ளிக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். உங்கள் சொந்தப் பயணக் காப்பீட்டையும் விலக்குப் பட்டியல் வரை படியுங்கள். சாகச விளையாட்டுகளை விலக்கிய பாலிசிகள் நிறைய உண்டு.

இனி, வகுப்புக்கு முன் நீட்டப்படும் அந்தக் காகிதம். "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று எழுதி எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அடிபட்டவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. விளையாட்டுக்கே உரிய ஆபத்தை நீங்கள் ஏற்கிறீர்கள் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. பள்ளியின் அலட்சியத்தை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று அதற்குப் பொருளில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இழப்போ காயமோ உண்டாக்கும் அலட்சியத்தைச் சேவைக் குறைபாடு என்கிறது. சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அப்படியே சொல்கிறது. காற்று கடலை நோக்கி அடிக்கிறது, படகு இல்லை என்பதை மறைத்தது இதில் அடங்கும் என்பதே என் வாதம். வழக்கை, பள்ளி இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழிகாட்ட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

காயம் பட்டால் முதலில் மருத்துவமனை. காவல்துறை வரட்டும், வழக்குப் பதியட்டும் என்று எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காயச் சான்று, பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கருவிகளின் படம், உடன் இருந்தவர்களின் தொடர்பு எண் ஆகியவற்றை அன்றே சேர்த்துவிடுங்கள். அலட்சியம் உயிருக்கு ஆபத்து விளைவித்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் காவல்துறையில் புகார் கொடுக்கலாம்.

இலங்கையின் கற்பிட்டிக்கும் இதே கச்சான் பருவத்தில் கற்கப் போகிறார்கள். அங்கே ஆம்புலன்ஸ் 1990, காவல்துறை 119. நேரில் பணம் கட்டி அங்கே ஏமாந்தால் இலங்கை நுகர்வோர் அதிகார சபையின் 1977 எண்ணுக்குச் சொல்லலாம். சென்னை முகவர் வழியாகப் போயிருந்தால் அவரை இங்கேயே பொறுப்பாக்கக் கேட்கலாம்.

கற்கிறவருக்கும் கடமை உண்டு. வலை போட்டிருக்கும் இடத்தில் பட்டம் ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே கால்வைக்காதீர்கள். கிளம்புமுன் அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் காற்றும் நீரோட்டமும் இன்று எப்படி என்று கேளுங்கள். பட்டம் வலுவிழந்து நீரில் கிடந்தால் அதை விட்டு நீந்த முயலாதீர்கள். மிதவையும் அதுதான், தூரத்திலிருந்து உங்களைக் காட்டும் அடையாளமும் அதுதான்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இந்த இரண்டையும் உங்கள் செல்பேசியில் மட்டுமல்ல, கரையில் உங்களுக்காகக் காத்திருப்பவரின் செல்பேசியிலும் பதிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்.