ஒரு பல்லிலிருந்து ஒரு மிருகம்

அழிந்துபோன விலங்கை வரைபவருக்குக் கண்முன் நிற்கும் மாதிரி கிடையாது. மண்ணிலிருந்து எடுத்த எலும்பையும் பல்லையும் வைத்து, அவற்றின்மேல் தசையையும் தோலையும் ஏற்றித்தான் உருவத்தைக் கொண்டுவர வேண்டும். இதைப் பழகத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சினிமாவில் பார்த்த டைனோசரையே கொப்பியில் கீறுகிறார்கள். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்து மாணவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இலங்கை மண்ணிலேயே இருக்கிறது.

ஊவா மலைகளின் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவற்றில் எலும்புச்சுவடு தேடிப் பயனில்லை. ஹப்புத்தளை தாண்டி, பெரகலையில் திரும்பி, பலாங்கொடை வழியாக இறங்கினால் வரும் இரத்தினபுரியின் கதை வேறு. அங்கே இரத்தினக்கல்லுக்காகத் தோண்டிய குழிகளில், சரளை மண்ணோடு பழைய விலங்குகளின் எலும்பும் பல்லும் மேலே வந்தன. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேகரித்து, ஆராய்ந்து, பெயரிட்டார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம், காட்டெருது என இன்று இத்தீவின் காடுகளில் இல்லாத மிருகங்கள் பனியுகக் காலத்தில் இங்கே வாழ்ந்திருந்தன என்பது அந்தக் குழிகளால்தான் தெரியவந்தது.

பயிற்சியை உயிரோடு இருக்கும் யானையிலிருந்து தொடங்குவதே சரி. யானையின் மண்டையோட்டில் முகத்தின் நடுவே, உயரத்தில், பெரிய துவாரம் ஒன்று இருக்கும். அது மூக்குத் துவாரம். தும்பிக்கையில் எலும்பே இல்லை. உயிருள்ள யானையை அறியாத ஒருவர் அந்த மண்டையோட்டை மட்டும் பார்த்து வரைந்தால், தும்பிக்கை முழுதாக விடுபட்டுப்போகலாம். பாதமும் அப்படித்தான். வெளியே தூண்போலத் தெரியும் காலுக்குள் விரலெலும்புகள் சாய்ந்து, ஏறக்குறைய நுனிவிரலில் நிற்கின்றன. பின்னால் இருக்கும் கொழுப்புத் திண்டுதான் பாதத்தை உருண்டையாக்குகிறது. எலும்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற பாடத்தை யானையைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் விலங்கு இல்லை.

அடுத்தது காட்டெருது. அதன் முதுகில் எழும் மேடு வெறும் சதையன்று. முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் முட்கள் அதைத் தாங்குகின்றன. ஆகவே எலும்புக்கூட்டை வரைந்தவுடனே மேடும் வந்துவிடும். நிறம் அப்படி வராது. இங்கே ஓர் அரிய உதவி கிடைக்கிறது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், அரசனிடம் இருந்த காளைபோன்ற ஒரு மிருகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கூர்ந்து எழும் முதுகு, பாதி உயரம்வரை வெள்ளையான நான்கு கால்கள் என்ற அவருடைய வருணனை இந்தியக் காட்டெருதுக்கு அப்படியே பொருந்துகிறது. இத்தகைய சாட்சி கிடைக்காத விலங்குகளுக்கு உயிரோடுள்ள உறவினமே துணை.

காண்டாமிருகத்தின் கொம்பு நகத்தின் பொருளால் ஆனது. பெரும்பாலும் மட்கிப் போய்விடும். மூக்கெலும்பின்மேல் தங்கும் சொரசொரப்பான தடமே கொம்பு இருந்த இடத்தைக் காட்டும். இலங்கையின் பழைய நீர்யானைக்குக் கீழ்த்தாடையின் முன்புறத்தில் ஆறு வெட்டுப்பற்கள். இன்றைய ஆப்பிரிக்க நீர்யானைக்கு நான்கு. வாயைத் திறந்தபடி வரைபவர் இதைக் கவனிக்காவிட்டால் வேறொரு மிருகத்தை வரைந்தவர் ஆவார்.

சிங்கம்தான் கடினம். குருவிற்றையில் கிடைத்த இரண்டு பற்களை வைத்தே தெரணியகல 1939இல் அதற்குப் பெயரிட்டார். பிடரிமயிர் எவ்வளவு, வால் எவ்வளவு நீளம் என்று பல் சொல்லாது. இதை வரைபவர், படத்தின் ஓரத்தில் எது சான்று, எது ஊகம் என்று எழுதிவைப்பதே நேர்மை. பெரிய அறிஞர்களும் ஊகத்தில் தவறியிருக்கிறார்கள். 1854இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் வடித்த இகுவானோடன் என்ற டைனோசரின் சிலைகளுக்கு மூக்கின்மேல் கொம்பு வைக்கப்பட்டது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் எலும்புக்கூடுகள் கிடைத்தபின்தான் அது கைப்பெருவிரலின் முள் என்று உறுதியானது.

எனவே வரிசை முக்கியம்: முதலில் எலும்புக்கூடு, பிறகு மூட்டுகளை அசைக்கும் பெருந்தசைகள், அதற்குப் பின்னரே தோலும் நிறமும். அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் நைட் (1874–1953) பார்வைக் குறைபாட்டோடும் மிருகக்காட்சிசாலையில் உயிருள்ள விலங்குகளை வரைந்து வரைந்தே டைனோசர் ஓவியத்தில் பெயர்பெற்றார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிருகக்காட்சிசாலை தூரமாக இருக்கலாம். லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாட்டின் தோள்பட்டை, நடக்கும்போது எப்படி ஏறி இறங்குகிறது என்று நின்று கவனித்து வரைந்தாலே காட்டெருதின் பாதி வேலை முடிந்துவிடும். பெரிய செலவும் இல்லை. பென்சிலும் கொப்பியும் போதும்.

இரத்தினபுரி தேசிய நூதனசாலையில் இரத்தினக்கல் குழிகளிலிருந்து வந்த எலும்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. சித்திர ஆசிரியர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் சேர்ந்து ஊவா மாணவர்களை ஒருமுறையாவது அங்கே அழைத்துச் சென்று, அந்தப் பற்களின் முன் உட்காரவைத்து வரையச் சொல்ல வேண்டும்.