பசைக்கு அடங்காத பற்கள்

கோணல் பல்லை நேராக்கும் விஞ்ஞானத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால் தர்மபுரி, கோலார் கிணற்று நீரில் வளர்ந்த பற்களிடம் அது இன்னும் தடுமாறுகிறது. சிக்கல் கம்பியில் இல்லை, எட்டு வயதுக்கு முன் குடித்த தண்ணீரில் இருக்கிறது.

வியாழக்கிழமை மாலை. பெங்களூர் விவேக் நகரில் குழந்தை ஏசு ஆலயத்தை நோக்கிச் செல்லும் சாலையில் நகர இடமில்லை. மெழுகுவர்த்தி வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் வேண்டுதல்கள். கூட்டத்தில் சிரித்துப் பேசும் பள்ளிப் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்தால் போதும். நாலைந்து பேர் வாயிலாவது கம்பி மின்னும். ஒரு காலத்தில் பணக்கார வீட்டு அடையாளமாக இருந்த ‘கிளிப்’ இன்று மாதச் சம்பளக்காரர்களின் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது, பெரும்பாலும் தவணை முறையில்.

தவணை முடியும் முன்பே தொல்லை ஆரம்பிக்கிறது சிலருக்கு. பல்லில் ஒட்டிய பிராக்கெட் கழன்று விழும். அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் மறுபடி டாக்டரிடம் ஓடுவார்கள். “முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் கடிக்கக் கூடாதுன்னு சொன்னேனே?” என்று திட்டு விழும். பெண் மறுப்பாள். அம்மா முறைப்பாள். பல சமயங்களில் குற்றம் பெண் மீதுதான். ஆனால் எல்லா சமயமும் அல்ல.

பல்லின் மேல் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ இருந்தால், டாக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: “சின்ன வயசில் எந்த ஊரில் வளர்ந்தாய்?” வேலை தேடி பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பங்களில் பதில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, கோலார் பக்கம் என்று வருவது அபூர்வமல்ல. பெற்றோர் நகரத்தில் வேலைக்குப் போக, குழந்தை ஐந்தாறு வயது வரை பாட்டி வீட்டில் வளர்ந்திருக்கும். அந்த ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த ஃப்ளோரைடு, பல் முளைக்கும் முன்பே தன் வேலையை முடித்திருக்கும்.

எலும்புக்குள் ஒரு நகர்வு

முதலில், பல் எப்படி நகர்கிறது? ஆணியை மரத்தில் இழுப்பது போல அல்ல. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்த்தசை மெத்தை இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கம் மெத்தை நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபட்ட பக்கத்தில் புது எலும்பைக் கட்டும் செல்கள் இறங்குகின்றன. ஒரு பக்கம் சுவரை இடித்து மறுபக்கம் கட்டிக்கொண்டே வீட்டை நகர்த்துவது மாதிரி. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ஸ்டெட், 1904-05இல் நாய்களின் பற்களில் சோதித்து இதை நுண்ணோக்கியில் காட்டினார்.

அவசரப்பட்டால் காரியம் கெடும் என்பதையும் அவர் அப்போதே கவனித்தார். அதிக அழுத்தம் கொடுத்தால் ரத்தக் குழாய்கள் நசுங்கி அந்த இடத்துத் திசு மடிகிறது. அதைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை பல் அசையாது. வேரே கரைந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. 1932இல் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஓர் அளவு சொன்னார்: சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம், அதாவது நுண்குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தைத் தாண்டாத விசை. சரியான எண் எது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. மெல்லத் தள்ளு என்ற பாடம் மட்டும் மாறவில்லை. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். “ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறேன்” என்று சிக்கலான பல்வரிசைக்கு வாக்குத் தருபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

ஆனால் இந்த மென்மையான விசை பல்லுக்குப் போய்ச் சேர ஒரு பிடி வேண்டும். அதுதான் பிராக்கெட். அது விழுந்தால் அந்தப் பல் நின்ற இடத்திலேயே நிற்கும், சில சமயம் பின்வாங்கும். ஒவ்வொரு முறை விழும்போதும் சில வாரங்கள் வீண்.

பெயின்ட்காரர் தந்த யோசனை

முன்பெல்லாம் இந்தப் பிடிக்காக ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் உலோக வளையம் மாட்டி சிமென்ட் வைத்தார்கள். வாய் முழுக்க இரும்புக் கடை. வளையம் நுழைய பற்களுக்கு நடுவே இடம் வேறு உண்டாக்க வேண்டும், வலியும் அதிகம். 1955இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் மைக்கேல் போனகோர் என்பவர் ஒரு எளிய காரியம் செய்தார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதுண்டு. அதையே பல்லின் எனாமலில் தடவிப் பார்த்தார். வழவழப்பான எனாமல் சொரசொரப்பானது. அதன் நுண்துளைகளில் பிசின் இறங்கி, இறுகி, பிடித்துக்கொண்டது. 1965இல் ஜார்ஜ் நியூமன் எபாக்சி பசையால் பிராக்கெட்டைப் பல்லில் நேரடியாக ஒட்டும் முறையை வெளியிட்டார். வளையங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. இன்று அவை பெரும்பாலும் கடைவாய்ப் பற்களோடு நின்றுவிட்டன.

இப்போது கிளினிக்குகளில் நடப்பது இதுதான்: பல்லைச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 விநாடிகள் வைத்து, கழுவி, உலர்த்துகிறார்கள். பல் கண்ணாடித் தூள் தடவியது போல வெளுக்கும். அதுதான் பசை பிடிக்கும் என்பதற்கு அடையாளம். பிறகு பசை, பிராக்கெட், நீல விளக்கொளி.

பிடி எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்? 1975இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கையே இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கல். சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 80 கிலோ. பிராக்கெட்டின் அடிப்பாகம் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பதால், ஆறேழு கிலோ இழுவையைத் தாங்கினால் போதும். ரொம்பவும் பலமாக ஒட்டினாலும் வம்பு. சிகிச்சை முடிந்து கழற்றும்போது எனாமல் பெயர்ந்து வரலாம். பெயர்ந்த எனாமல் மறுபடி வளராது. கடைசி நாள் வரை விழக் கூடாது, கடைசி நாளில் சேதமில்லாமல் விழ வேண்டும். பசைக்கு இதைவிடக் கஷ்டமான நிபந்தனை இருக்க முடியாது.

நெல்லூரில் தொடங்கிய கதை

இந்தக் கணக்கெல்லாம் நல்ல எனாமலுக்குப் போடப்பட்டது. ஃப்ளோரைடு பாதித்த எனாமல் வேறு ரகம். அளவோடு இருந்தால் ஃப்ளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். பற்பசையில் சேர்ப்பது அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 1 மில்லிகிராம்தான். அதற்கு மேல் போனால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் சரியாக முற்றுவதில்லை. பாதிப்பு கடுமையானால் மேற்பரப்பில் அமிலத்துக்கு மசியாத கெட்டித் தோல், அதன் கீழே துளைத்துளையான எனாமல். டாக்டர் 30 விநாடி அமிலம் வைத்தால் மேல்தோல் அசைவதில்லை. பசை இறங்க வழியில்லை. பிராக்கெட் கழல்கிறது.

தென்னிந்தியாவுக்கு இது புதிய செய்தி அல்ல. அன்றைய சென்னை ராஜதானியின் நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு நோய் பரவியிருப்பதை ஷார்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் 1937லேயே எழுதினார்கள். பல்லோடு நிற்கவில்லை அது. முதுகெலும்பு விறைத்துக் குனிந்துபோன மனிதர்களை அவர்கள் பார்த்தார்கள். காரணம் பாறை. கருங்கல்லின் தாதுக்களில் உள்ள ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்து, கிணறு ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் பிரச்சினையும் கூடுகிறது.

பிடுங்கிய பல்லில் ஆராய்ச்சி

இந்த முட்டுக்கட்டைக்கு வழி தேடும் வேலையில் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு இயல்பாகவே ஒரு பங்கு இருக்கிறது. எம்.டி.எஸ். பட்டத்துக்கு மூன்று வருடப் படிப்பு, கட்டாய ஆய்வேடு. பற்சீரமைப்புத் துறை மாணவர்களுக்கு மூலப்பொருள் கையருகிலேயே கிடைக்கும். நெருக்கமான பல்வரிசைக்கு இடம் உண்டாக்க, முன்கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்குவது வழக்கம். அவற்றைச் சேகரித்து, அக்ரிலிக் கட்டியில் பதித்து, பிராக்கெட் ஒட்டி, இயந்திரத்தில் வைத்துப் பிய்த்துப் பார்க்கிறார்கள். எத்தனை மெகாபாஸ்கலில் பிய்ந்தது, பசை பல்லில் மிஞ்சியதா, பிராக்கெட்டோடு போனதா என்று குறித்துக்கொள்கிறார்கள்.

ஃப்ளோரைடு பல்லில் செய்த சோதனைகள் ஒரே பதிலைத் தரவில்லை. பாதிப்பு லேசாக இருந்தால் சாதாரணப் பல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கடுமையானால் பிடி குறைகிறது. அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பது, மேல்தோலை மெலிதாகத் தேய்த்தெடுப்பது, நுண்துகள்களைக் காற்றோடு பீய்ச்சிச் சொரசொரப்பாக்குவது, ஒட்டுத்திறனைக் கூட்டும் தனி திரவம் பூசுவது என்று வைத்தியங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. தேய்ப்பதும் பீய்ச்சுவதும் ஏற்கெனவே பலவீனமான எனாமலில் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தவிர, இயந்திரம் ஒரே இழுப்பில் பிய்க்கிறது. வாயோ இரண்டு வருடம் சூடான காபியும் ஐஸ்கிரீமும் சோற்றுப் பருக்கையுமாகச் சோதிக்கிறது. ஆய்வக எண் அப்படியே வாய்க்குப் பொருந்தாது.

பெற்றோர் கவனிக்க

ஆகவே விஷயம் தெரிந்து போவது நல்லது. பல்லில் திட்டுகள் இருந்தால் கிளிப் போடும் முன்பே டாக்டரிடம் ஊரையும் தண்ணீரையும் சொல்லிவிடுங்கள். எந்த முறையில் ஒட்டுவார், விழுந்தால் மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சிகிச்சை செய்பவர் பற்சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று பாருங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு, பெங்களூர் கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்கும் பொறுமைதான் அங்கே கட்டணத்தின் பெரும்பகுதி. கம்பி முறுக்கிய நாள் வலிக்குக் கண்ட மாத்திரையையும் விழுங்க வேண்டாம். ஐபுப்ரோபென் போன்றவை பல் நகர்வதற்குத் தேவையான ரசாயனங்களையே அடக்குவதால் பாராசிட்டமாலையே பலர் பரிந்துரைக்கிறார்கள். டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுவது உத்தமம்.

எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கேள்வி பசையைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி அதைக் குறைக்கும். ஊர் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புவது, பின்னால் கட்டப்போகும் கிளிப் தவணைகளைவிட எவ்வளவோ மலிவு.

பெங்களூருக்குக் காவிரி தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் குழாயில் ஏறி வருகிறது. அதே காவிரியை ஒகேனக்கல்லில் எடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்ற சொற்கள் உண்டு. 2008இல் இரு மாநிலங்களிலும் அரசியல் கொதிப்பைக் கிளப்பி, ஜப்பான் நிதியுதவியுடன் நிறைவேறி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இப்போதுதான் கிளிப் போடும் வயதுக்கு வந்திருக்கிறார்கள்.

குழாய் எந்தெந்த வீட்டுக்கு உண்மையிலேயே எட்டியது, யார் இன்னும் பழைய போர்வெல்லையே நம்பினார்கள் என்பதைக் கோப்புகளைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் போதும். பல் பொய் சொல்லாது.